16-ம் நாளோடு துக்கம் முடிந்துவிடுமா? - இழப்புக்குப் பிறகு மனசுக்குள் நடப்பது என்ன?

28 வயது. சென்னை பெருங்குடியில் ஐடி வேலை. கோவில்பட்டியில் இருக்கும் அப்பா தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணுவார். "சாப்பிட்டியாம்மா?" என்பார். "ம்ம், சாப்பிட்டேம்ப்பா" என்பார் மகள். ஒரு நிமிடம்கூடத் தாண்டாத பேச்சு. ஒரு நாள் அந்த போன் வரவில்லை. மறுநாள் விடிவதற்குள் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது.

அடுத்த 16 நாட்கள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. வந்தவர்களுக்கு காபி, காரியத்துக்குச் சாமான் லிஸ்ட், இறப்புச் சான்றிதழ், பேங்க் வேலை, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை. 17-ம் நாள் பஸ் ஏறி கிளாம்பாக்கத்தில் இறங்கி, திங்கட்கிழமை ஆபீஸ் போயாச்சு. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று டீமில் கேட்டார்கள். "முடிஞ்சுது" என்றார். அழுகையே வரவில்லை என்பது அவருக்கே ஆச்சரியம்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரி ஒன்பது மணிக்கு போன் அடித்தது. சாப்பாடு டெலிவரி செய்ய வந்த பையன். "மேடம், சாப்பாடு கொண்டு வந்திருக்கேன். கீழ நிக்கிறேன்" என்றான். படியில் இறங்கப் போனவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா இறந்தபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது. அரை மணி நேரம் நிற்கவில்லை.

இவர் கற்பனைப் பாத்திரம்தான். ஆனால், நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்த பலருக்கும் இப்படி ஒரு செவ்வாய்க்கிழமை வந்திருக்கும். 'எல்லாம் முடிஞ்சு போச்சே, இப்போ ஏன் இப்படி?' என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். அதற்கான பதிலைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

துக்கம் என்றால் என்ன?

நாம் எல்லாவற்றையும் 'துக்கம்' என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். ஆய்வாளர்கள் இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

* இழப்பு: நடந்த சம்பவம். ஒருவர் இறந்துபோனது.
* துக்கம்: அதனால் நமக்குள் நடப்பது. மனசிலும் உடம்பிலும் ஏற்படும் மாற்றங்கள்.
* துக்கம் அனுசரிப்பது: வெளியே தெரியும்படி செய்வது. சடங்கு, அழுகை, படத்திறப்பு, திதி.

மேலே சொன்ன பெண்ணுக்கு மூன்றாவது முடிந்துவிட்டது. இரண்டாவது அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. குழப்பமே இங்குதான்.

தமிழுக்கு இது புது விஷயம் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று கணக்கு வைத்திருக்கிறது. இளிவு, அசைவு, வறுமை ஆகியவற்றோடு 'இழவு' என்பதும் அதில் ஒன்று. இழத்தல் என்பதிலிருந்து வந்த அந்தச் சொல்தான் பிறகு சாவைக் குறித்து, இன்றைக்கு 'இது என்னடா இழவு' என்று திட்டும் வார்த்தையாகத் தேய்ந்திருக்கிறது. தலைவனையோ வள்ளலையோ இழந்தவர்கள் புலம்பும் பாட்டுக்குப் புறத்திணையில் தனித் துறையே உண்டு. அதன் பெயர் கையறுநிலை. செய்வதறியாது நிற்கும் நிலை என்று பொருள். துக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கஷ்டம்.

அழுகை ஏன் தாமதமாக வருகிறது?

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் துக்கத்தையும் மூளையையும் ஆராய்ந்துவருபவர் மேரி பிரான்சிஸ் ஓகானர். துக்கப்படும் மூளையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 2022-ல் வெளிவந்தது. அவர் சொல்வதன் சாரம் இதுதான்: துக்கம் என்பது மூளை ஒரு புதிய பாடத்தைக் கற்றுக்கொள்வது.

நமக்கு நெருக்கமானவர்கள் எங்கே இருப்பார்கள், எப்போது வருவார்கள் என்று மூளை ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறது. அம்மா அடுப்படியில் இருப்பார். அப்பா ஒன்பது மணிக்கு போன் பண்ணுவார். பல வருடங்களாக, ஆயிரக்கணக்கான முறை நடந்து பதிந்த வரைபடம் அது. இறந்துவிட்டார் என்ற செய்தி ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. ஆனால், அந்த வரைபடம் ஒரு நிமிடத்தில் மாறாது. 'அப்பா இல்லை' என்று அறிவுக்குத் தெரியும். ஒன்பது மணி ஆனால் காது மட்டும் போனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை அந்த எதிர்பார்ப்பு பொய்க்கும்போதும் மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் முதல் பிறந்தநாள், முதல் தீபாவளி, முதல் சம்பளம் என்று ஒவ்வொரு 'முதல்' தடவையும் புதிதாக வலிக்கிறது.

அதுவும் சாவு வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும். பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டவருக்கு அழ நேரம் இருக்காது. மரத்துப்போன உணர்வு அந்த நாட்களைக் கடக்க உதவுகிறது. அழவில்லை என்பதால் பாசம் இல்லை என்று அர்த்தம் இல்லை.

உடம்பிலும் தெரியும்

துக்கம் மனசோடு நின்றுவிடுவதில்லை. நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போன்ற பாரம், தொண்டை அடைப்பு, பசியின்மை, தூக்கக் கேடு, காரணமில்லாத களைப்பு, சாவியை எங்கே வைத்தோம் என்பதுகூட மறந்துபோவது... இவை எல்லாமே இழப்புக்குப் பிறகு பரவலாகக் காணப்படுபவை. ஆபீஸில் ஒரே மெயிலை நான்கு தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை என்றால் அதற்குச் சோம்பல் காரணம் இல்லை.

கடுமையான அதிர்ச்சி அரிதாக இதயத்தையும் பாதிக்கும். 1990-ல் ஜப்பான் மருத்துவர்கள் இதற்கு 'டகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கும் பானைக்கு ஜப்பானிய மொழியில் அதுதான் பெயர். அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை அந்தப் பானை வடிவில் உப்பிக்கொள்வதால் இந்தப் பெயர். அறிகுறிகள் மாரடைப்பு போலவே இருக்கும். பெரும்பாலும் சரியாகிவிடும் என்றாலும், நெஞ்சுவலியை 'துக்கத்துல வர்றதுதான்' என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, பலர் வெளியே சொல்லவே பயப்படும் விஷயம். இறந்தவரின் குரல் கேட்பது, பக்கத்தில் இருப்பது போலத் தோன்றுவது. 'பைத்தியம் பிடிச்சிருச்சோ' என்று பயந்துபோய் மறைத்துவிடுவார்கள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டீவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி, 1971-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இப்படிப்பட்ட அனுபவம் இருந்தது. பலர் அதை யாரிடமும் சொன்னதே இல்லை. அந்த அனுபவம் பெரும்பாலும் அவர்களுக்கு ஆறுதலாகவே இருந்திருக்கிறது.

'ஐந்து கட்டங்கள்' உண்மையா?

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. ரீல்ஸிலும் சினிமாவிலும் அடிக்கடி வரும் பட்டியல் இது. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய புத்தகத்தில் இருந்து வந்தது.

ஆனால், பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அவர் அந்தப் புத்தகத்துக்காகப் பேசியது உறவை இழந்தவர்களிடம் அல்ல. குணப்படுத்த முடியாத நோயால் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். 'நான் சாகப் போகிறேன்' என்ற செய்தியை ஒருவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதுதான் அவர் கவனித்தது. அது பின்னர் துக்கத்துக்கும் பொருந்தும் என்று பரவியது. அவர் மறைந்த பிறகு, டேவிட் கெஸ்லருடன் இணைந்து எழுதிய புத்தகம் 2005-ல் வந்தது. இந்தக் கட்டங்கள் வரிசையாக வரும் படிக்கட்டு அல்ல, எல்லோருக்கும் எல்லாமும் வராது என்று அதில் தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

இந்தப் பட்டியலால் வரும் பிரச்சினை என்ன? 'எனக்குக் கோபமே வரலையே, நான் சரியா துக்கப்படலையா?', 'ஏத்துக்கிட்டேன்னு நினைச்சேன், மறுபடியும் அழறேனே, பின்னாடி போயிட்டேனா?' என்று மக்கள் தங்களுக்குத் தாங்களே மார்க் போட்டுக்கொள்கிறார்கள். இருக்கிற வலி போதாதென்று, அதைச் சரியாகச் செய்யவில்லையோ என்ற கவலை வேறு.

அப்படியென்றால் எப்படித்தான் போகும்?

நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1999-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கம் மாறி மாறிப் போய்வருகிறார் என்பது அவர்கள் கருத்து.

ஒரு பக்கம், இழப்பு. போட்டோவைப் பார்த்து அழுவது, கடைசி நாளை நினைத்து நினைத்து மாய்ந்துபோவது. இன்னொரு பக்கம், மிச்ச வாழ்க்கை. அப்பா பார்த்துக்கொண்ட கரண்ட் பில், வீட்டு வரி, கேஸ் புக்கிங் இனி யார் பார்ப்பது? அம்மா தனியாக இருக்க முடியுமா? வேலையை மாற்றிக்கொள்ளலாமா?

காலையில் கல்லூரி நண்பனின் மீமுக்குச் சிரித்துவிட்டு, மதியம் அப்பாவின் செருப்பைப் பார்த்து உடைந்துபோவது இயல்பானதுதான். சாவு வீட்டுத் திண்ணையில் பழைய கதை பேசிச் சிரிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். எந்நேரமும் ஒரே பக்கத்தில் மாட்டிக்கொள்வதுதான் சிக்கல். வேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு தடவைகூட அழாமல் இருப்பதும், அழுகையைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாமல் போவதும்.

'மறந்துடு' என்பது சரியான அறிவுரையா?

துக்கம் என்பது இறந்தவரிடமிருந்து மனசைப் பிரித்து எடுக்கும் வேலை என்ற கருத்து 20-ம் நூற்றாண்டில் பலமாக இருந்தது. சிக்மண்ட் பிராய்டு 1917-ல் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1996-ல் டெனிஸ் கிளாஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் தொகுத்த புத்தகம் இதைக் கேள்வி கேட்டது. பந்தம் அறுந்துபோவதில்லை, அதன் வடிவம்தான் மாறுகிறது, அந்தத் தொடர்பு ஆரோக்கியமானதாகவே இருக்க முடியும் என்றார்கள்.

நம் ஊரில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் தாத்தா படம். அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு. அவருக்குப் பிடித்த சுருட்டோ, பக்கோடாவோ வைத்துப் படையல். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான்; தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொள்வதோ, அம்மா கைப்பக்குவத்தில் குழம்பு வைத்துப் பார்ப்பதோ, மனசுக்குள் அவர்களிடம் பேசுவதோ தப்பான காரியம் அல்ல.

சடங்குகள் என்ன வேலை செய்கின்றன?

நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, சாவு வீட்டுப் பழக்கங்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் சில விஷயங்கள் தெரியும்.

* வீட்டில் அடுப்பு எரியாது. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் சாப்பாடு கொண்டுவருவார்கள். துக்கத்தில் இருப்பவர் தன்னைக் கவனித்துக்கொள்ள மாட்டார் என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது.
* துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவரும் "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்பார்கள். ஒரே கதையை ஐம்பது தடவை சொல்ல வேண்டியிருக்கும். எரிச்சலாக இருந்தாலும், நம்ப முடியாத ஒன்றை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் மனசு நம்பத் தொடங்குகிறது.
* ஒப்பாரி, அழுவதற்கு ஊரறியக் கிடைக்கும் அனுமதி. மானுடவியலாளர் இஸபெல் கிளார்க்-டெசே தமிழக ஒப்பாரியைப் பற்றி 2005-ல் எழுதிய புத்தகத்தில், பெண்கள் இறந்தவருக்காக மட்டும் பாடுவதில்லை, தங்கள் சொந்தப் பாடுகளையும் சேர்த்துத்தான் பாடுகிறார்கள் என்கிறார்.
* ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. தலைத் திவசம் வரைக்கும் அது துக்கம் நடந்த வீடு.

கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். பழக்கம் 16-ம் நாளோடு கணக்கை மூடவில்லை. மாதம்தோறும் திதி, பிறகு வருஷத் திதி என்று ஒரு வருஷத்துக்கு நீட்டி வைத்திருக்கிறது. கணவனை இழந்த இஸ்லாமியப் பெண்ணுக்கு இத்தா காலம் நான்கு மாதம் பத்து நாள். கணக்கைச் சுருக்கிக்கொண்டது நாம்தான். லீவ் இல்லை என்பதால் மூன்றாம் நாளே எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டு, அன்று ராத்திரியே பஸ் ஏறுகிறோம்.

அதற்காகப் பழசெல்லாம் பொன் என்று சொல்லிவிட முடியாது. கணவனை இழந்த பெண்ணை நடுவீட்டில் உட்கார வைத்துப் பூவையும் வளையலையும் பறிக்கும் சடங்கு, துக்கத்தின் மேல் அவமானத்தையும் ஏற்றியது. பெற்ற மகளாக இருந்தாலும் பெண் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று பல வீடுகளில் இன்றும் தடுக்கிறார்கள். கருமாதிச் சாப்பாட்டுக்குக் கடன் வாங்கிய குடும்பங்கள் உண்டு. "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று அடக்கப்பட்ட பையன்களும் உண்டு. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அந்தந்தக் குடும்பம் முடிவு செய்துகொள்ளலாம்.

சடங்கே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை கொரோனா காலம் காட்டியது. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று 2020-ல் கட்டுப்பாடு வந்தது. பிளாஸ்டிக்கில் சுற்றிய உடலை மருத்துவமனையிலிருந்து நேராகத் தகன மேடைக்குக் கொண்டுபோனார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள் வீடியோ காலில் பார்த்தார்கள். முகத்தைக் கடைசியாகப் பார்க்காத குறை பல வீடுகளில் இன்னமும் ஆறவில்லை.

யாரும் விசாரிக்காத துக்கம்

எல்லா இழப்புக்கும் ஊர் கூடுவதில்லை. சமூகம் அங்கீகரிக்காத துக்கத்தைப் பற்றி 1980-களிலேயே எழுதத் தொடங்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா. நெருங்கிய நண்பன், வீட்டுக்குத் தெரியாத காதலி, பிரிந்துபோன முன்னாள் துணை, தன்பாலினத் துணை, பத்து வருஷம் வளர்த்த நாய்... இவர்களை இழந்தவருக்கு அழ இடம் இல்லை. துக்க வீட்டின் கடைசி நாற்காலியில் 'கூட வேலை பார்த்தவர்' என்ற பெயரில் உட்கார்ந்திருப்பார். தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பம், எப்படி இறந்தார் என்பதையே மறைக்க வேண்டியிருக்கிறது.

கருச்சிதைவும் இந்த ரகம்தான். "இன்னும் வயசு இருக்கு, அடுத்தது நிக்கும்" என்று கடந்துவிடுவார்கள். சட்டப்படி கருச்சிதைவுக்குப் பிறகு ஆறு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு பெற வழி இருக்கிறது என்பது பல பெண்களுக்கே தெரியாது.

இறந்தாரா, இருக்கிறாரா என்றே தெரியாத நிலை இன்னும் கொடியது. உளவியலாளர் பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்கிறார். 2017 நவம்பரில் ஒக்கி புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத குமரி மாவட்ட மீனவர்களின் வீடுகள் அப்படித்தான் காத்துக்கிடந்தன. இலங்கைப் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மார்கள் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. படத்துக்கு மாலை போட்டால் பிள்ளையைக் கைவிட்டதாகிவிடும். போடாவிட்டால் துக்கத்துக்குத் தொடக்கமே இல்லை. மறதி நோயால் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல்போன அம்மாவைப் பார்த்துக்கொள்பவருக்கும் இந்த இழப்பு உண்டு. ஆள் கண் முன்னே இருப்பார், ஆனால் இருக்க மாட்டார்.

ஆபீஸில் எத்தனை நாள்?

தனியார் நிறுவன ஊழியர்களுக்குத் துக்க விடுப்பு தர வேண்டும் என்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே சில நாட்கள் தருகின்றன. மற்றவர்கள் இருக்கிற லீவை எடுத்துச் சமாளிக்க வேண்டியதுதான். பிரிட்டனில் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இழந்த பெற்றோருக்கு இரண்டு வார விடுப்பு 2020 ஏப்ரல் முதல் சட்டப்படியான உரிமை.

சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு டீம் லீடால் சிலவற்றைச் செய்ய முடியும். 'எப்போ வருவீங்க?' என்று காரியம் முடியும் முன்பே மெசேஜ் போடாமல் இருப்பது. திரும்பி வந்த முதல் வாரங்களில் பெரிய பிரசன்டேஷனைத் தலையில் கட்டாமல் இருப்பது. 'டீமில் மத்தவங்ககிட்ட நானே சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?' என்று கேட்பது. திதி நாளைக் குறித்து வைத்து, அன்று லீவ் கேட்டால் மறுக்காமல் இருப்பது.

அவர் போனை என்ன செய்வது?

முந்தைய தலைமுறைக்கு இல்லாத பிரச்சினை இது. அப்பா போய்விட்டார், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குட்மார்னிங் ரோஜாப்பூ இருக்கிறது. அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம்.

* குரல் பதிவுகள், போட்டோக்களை முதலில் வேறிடத்தில் சேமித்து வையுங்கள். பொதுவாக 120 நாட்கள் பயன்படுத்தப்படாத கணக்கை வாட்ஸ்அப் நீக்கிவிடும்.
* ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சிம் ரத்தாகி, அந்த நம்பர் பிறகு வேறொருவருக்குப் போகலாம். 'அப்பா' என்று சேவ் செய்த நம்பரில் ஒரு நாள் யாரோ ஒருவரின் டி.பி. தெரியும். பேங்க், காப்பீட்டு வேலைகளுக்கும் அந்த நம்பர் தேவைப்படலாம். எனவே யோசித்து முடிவு செய்யுங்கள்.
* ஃபேஸ்புக் கணக்கை நினைவுப் பக்கமாக மாற்றலாம். உயிரோடு இருக்கும்போதே, தன் கணக்குக்குப் பின்னாளில் பொறுப்பானவரைக் குறிப்பிட்டு வைக்கும் வசதி அதில் 2015-ல் வந்தது. கூகுளில் இதுபோன்ற வசதி 2013-லிருந்தே உண்டு.

எப்போது உதவி தேவை?

இழப்பால் வாடும் பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. நேரமும் ஆட்களும் கிடைத்தால் போதும். ஆனால், சிலருக்குத் துக்கம் இறுகி அப்படியே நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு (2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது), அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு (2022 மார்ச்) இரண்டும் 'நீடித்த துக்கக் கோளாறு' என்பதைச் சேர்த்திருக்கின்றன. முதலாவது குறைந்தது ஆறு மாதம் என்கிறது. இரண்டாவது, பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்கிறது. தலைத் திவசத்தின் கணக்கும் அதுதான்!

நாள் கணக்கு மட்டும் போதாது. கிட்டத்தட்ட தினமும் தீராத ஏக்கம், தன்னில் ஒரு பகுதியே செத்துவிட்டது போன்ற உணர்வு, இறந்ததை இன்னமும் நம்ப முடியாமை, வாழ்வதில் அர்த்தமே இல்லை என்ற எண்ணம், வேலைக்கும் மனிதர்களிடமும் திரும்ப முடியாமை ஆகியவற்றையும் மருத்துவர்கள் பார்ப்பார்கள். அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தைத் தாண்டியதா என்றும் கவனிப்பார்கள்.

இதற்கென்றே உருவாக்கப்பட்ட பேச்சு சிகிச்சை இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஷியர் வடிவமைத்த முறையில் சுமார் 16 அமர்வுகள். வருஷத்துக்கு ஒரு முறை நினைவு வந்து அழுவது நோய் அல்ல. ஆனால், 'நானும் அவர்கூடவே போயிடலாம்' என்ற எண்ணம் வந்தால் ஆறு மாதமும் வேண்டாம், ஒரு வருஷமும் வேண்டாம். அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

துக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசலாம்?

"எல்லாம் நல்லதுக்குத்தான்", "வயசாச்சுல்ல, கொடுத்து வெச்ச சாவு", "நீதான் தைரியமா இருக்கணும்", "எனக்குப் புரியுது". எல்லாமே நல்ல எண்ணத்தில் சொல்லப்படுபவை. ஆனால், கேட்பவருக்கு 'அழாதே' என்றுதான் காதில் விழும்.

"என்ன வேணும்னாலும் கேளு" என்பதும் அவ்வளவாக உதவாது. கேட்கிற தெம்பு அவரிடம் இருக்காது. "நாளைக்கு மத்தியானம் சாப்பாடு கொண்டு வர்றேன்", "தாலுகா ஆபீஸுக்கு நான் வண்டி எடுத்துட்டு வர்றேன்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.

இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். ஞாபகப்படுத்திவிடுவோமோ என்று பயப்படத் தேவையில்லை, அவர் மறந்தால்தானே! "உங்க அப்பா ஒரு தடவை எங்களை பஸ் ஸ்டாண்டுல விடும்போது முறுக்கு வாங்கிக் கொடுத்தாரே" என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

முக்கியமாக, காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவுக்கு எல்லோரும் வருவார்கள். 16-ம் நாள் பாதிப் பேர் வருவார்கள். 40-வது நாளோ, மூன்றாவது மாதமோ யாரும் போன் பண்ண மாட்டார்கள். அன்றைக்கு நீங்கள் பண்ணுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு, "சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூடப் போதும்.

உதவிக்கு அழைக்க

* டெலி மானஸ் (மத்திய அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழிலும்): 14416
* தமிழக சுகாதாரத் துறை உதவி எண்: 104
* சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை: 044-24640050